ஆற்றை யார் பார்த்தது?

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு இருக்கிற சௌகரியம் வேறு யாருக்கும் கிடையாது. முந்நூறு குதிரை வேண்டுமென்றால் ஒரே வரியில் வாங்கிவிடலாம். அவற்றுக்குக் கொள்ளு வைக்க வேண்டியதில்லை. ஆடி மாதத்துக் காவேரியை அரைப் பக்கத்தில் கடந்துவிடலாம். ஒருவரும் மூழ்கமாட்டார்கள், அப்படியே மூழ்கினாலும் பெயர் வைக்கப்படாத வீரன் ஒருவன்தான் மூழ்குவான். இந்தச் சௌகரியங்களையெல்லாம் பல வருஷங்களாகக் கூச்சமில்லாமல் அனுபவித்து வந்தவன் நான். அது குறைந்துபோன கதையைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு தீபாவளி மலருக்கு ஒரு கதை எழுதியிருந்தேன். கதாநாயகன் வாங்கல் கரையிலிருந்து முந்நூறு குதிரை வீரர்களோடு நள்ளிரவில் காவேரியில் இறங்கி, மோகனூர்ப் பக்கம் ஏறி, விடிவதற்குள் நாமக்கல் பாறைமேல் இருக்கும் கோட்டையைப் பிடிக்கிறான். வெள்ளம், தீப்பந்தம், மின்னல் எல்லாம் உண்டு. பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. கடிதம் எழுதாமல் நேரிலேயே வந்தவர் ஒருவர்தான். சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் சோளமும் கடலையும் போட்டுக்கொண்டிருக்கும் பெரியவர். ராணுவத்தில் மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிய வயது. மலரை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க தம்பி, இந்த ஆத்தை யாரு போய்ப் பாத்தது?" என்றார்.

"எந்த ஆற்றை, ஐயா?"

"நீங்க எழுதியிருக்கற ஆத்தைத்தானுங்க. ஆடி மாசம். மேட்டூர் அணை கட்டறதுக்கு முந்தின காவேரி. ராத்திரி நேரம். எறங்கறதுக்கு முன்னாடி ஆழம் பாத்தவன் ஒருத்தனாச்சும் வேணுமில்லீங்களா?"

கதாநாயகன் மகா வீரன் என்று நான் சமாதானம் சொன்னேன்.

"வீரன்தானுங்க. ஆனா குதிரைக்கு அது தெரியாதுங்களே."

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். கரையேறும் இடம் சேறா, மணலா? முன்னே போனவன் அடித்துக்கொண்டு போகப்பட்டால் பின்னே வருகிறவனை நிறுத்துவது யார்? இருட்டில் தீப்பந்தம் பிடித்தால் பாறைமேல் காவல் இருப்பவன் கண்ணுக்குத் தெரியாதா? கடைசியாக, "கோட்டையில ஏறிட்டாங்க, சரிங்க. ஏற முடியாமப் போயிருந்தா எந்த வழியாத் திரும்பறது?" என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை. தம் பிரிவுக்கு வந்து சேர்ந்த புதுப் பையனிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். என்னிடம் ஒரு கேள்விக்கும் பதில் இல்லை.

பட்டாளத்தில் இது ஒரு தனி வித்தை என்று அவர் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன். பிற்பாடு தேடிப் படித்ததில், அமெரிக்கத் தரைப்படையின் கையேடு இதை ஐந்து படிகளாகப் பிரித்து வைத்திருப்பதைக் கண்டேன். முதலில், எங்கெங்கே அபாயம் என்று கண்டுபிடிப்பது. இரண்டாவது, அது நேர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு, நேர்ந்தால் எவ்வளவு சேதம் என்று மதிப்பிடுவது. மூன்றாவது, அதைக் குறைக்க வழி தேடி, மிச்சமிருக்கும் அபாயத்தை ஏற்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது. நான்காவது, அந்த வழியைச் செயலில் கொண்டுவருவது. ஐந்தாவது, செய்தார்களா, பலித்ததா என்று கூடவே இருந்து கவனிப்பது. அவசியமில்லாத அபாயத்தை ஏற்காதே என்பது அதில் ஒரு விதி. அபாயமே வேண்டாம் என்று அது சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் கணக்குப்பிள்ளைத்தனம், நம்முடைய வீர மரபுக்கு ஒட்டாது என்று சொல்லிவிடத்தான் முதலில் எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையோடுதான் பழைய நூல்களைப் புரட்டினேன். அவை சுபேதாரின் கட்சியில் சேர்ந்துகொண்டன.

தொல்காப்பியத்தில் வெட்சித் திணையை எடுத்துக்கொள்ளுங்கள். பகைவரின் ஆநிரையைக் கவரப் போவது அது. அதன் துறைகளில் ஆரம்பத்திலேயே இரண்டு வருகின்றன. ஒன்று விரிச்சி, ஊர்ப்பக்கம் போய் நின்று, யாரோ தற்செயலாகச் சொல்லும் சொல்லை நற்சொல்லாகக் கேட்டுக்கொண்டு புறப்படுவது. மற்றொன்று வேய்; பகைவர் இடத்துக்கு ஒற்றரை அனுப்பி நிலைமையைத் தெரிந்துகொண்டு வருவது. ஊரை வளைப்பதும் நிரையைக் கொள்வதும் இவற்றுக்கு அப்புறம்தான்.

விரிச்சி மனசுக்குத் தைரியம் தருகிறது. வேய் செய்தி தருகிறது. இரண்டும் மனிதனுக்கு வேண்டியவைதாம். ஆனால் ஒன்று செய்கிற வேலையை மற்றொன்று செய்யாது. நல்ல சகுனம் கிடைத்ததால் ஆறு ஆழம் குறைந்துவிடுவதில்லை. நம் சரித்திரக் கதைகளின் குறை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விரிச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு வேயை விட்டுவிட்டோம். சபதம், சகுனம், காதலி கட்டிவிடும் ரட்சை, குலதெய்வத்தின் முன் வாளைத் தொட்டு வாங்கும் ஆசி என்று தைரியத்துக்கான ஏற்பாடுகள் அத்தியாயம் அத்தியாயமாக நடக்கின்றன. ஆற்றைப் பார்த்துவர ஒருவன் போவதில்லை.

பழம்புலவர்கள் அப்படி விடவில்லை. முல்லைப்பாட்டில் வீட்டுப் பெண்கள் நெல்லும் பூவும் தூவி விரிச்சி கேட்கிறார்கள். கன்றைத் தேற்றும் இடைப்பெண்ணின் வாயில் நல்ல சொல் கிடைக்கிறது. அதே பாட்டில், பாசறையில் என்ன நடக்கிறது? காட்டை வெட்டி முள்வேலி போட்டிருக்கிறார்கள். காவலர் சுற்றி வருகிறார்கள். நாழிகை பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது. அரசனுக்குத் தூக்கமில்லை, புண்பட்ட யானைகளையும், அம்பு தைத்துத் தீனி தின்னாமல் நிற்கும் குதிரைகளையும், இறந்துபோன வீரர்களையும் நினைத்துக்கொண்டு விழித்திருக்கிறான். விரிச்சி வீட்டிலும் எச்சரிக்கை பாசறையிலுமாக நப்பூதனார் பிரித்து வைத்திருக்கிறார். என் கதையில் பாசறையிலும் விரிச்சிதான்.

திருக்குறளுக்கு வருவோம். மேடைகளில் நாம் அதிகம் கேட்பது படைச்செருக்கு. அது எழுபத்தெட்டாவது அதிகாரம். அதற்கு முப்பது அதிகாரங்களுக்கு முன்னாலேயே வள்ளுவர் நான்கு அதிகாரங்களை வரிசையாக வைத்துவிட்டார்: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு, அதற்குமேல் விளைவது என்ன என்பது முதல் கேள்வி. பிறகு செயலின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை, இரு பக்கத்துத் துணைவர் வலிமை என்ற கணக்கு. உதாரணங்களெல்லாம் எவ்வளவு சாதாரணமானவை! மயிற்பீலிதானே என்று மேலும் மேலும் ஏற்றினால் அச்சு முறிகிறது. கிளையின் நுனிவரை ஏறியவன் இன்னும் ஏறினால் உயிர் போகிறது. பகலில் காக்கை கூகையை வெல்கிறது. சேற்றில் கால் புதைந்த யானையை நரி கொன்றுவிடுகிறது. அந்த யானைக்கு வீரம் குறைவு என்று வள்ளுவர் சொல்லவில்லை. கால் வைத்த இடம் தப்பு.

இந்தக் கணக்கு நம் ஜனங்களுக்குப் புதிதும் அல்ல. நாமக்கல்லில் வடக்கே லாரி அனுப்புகிறவர் டயரைத் தட்டிப் பார்க்காமல், டிரைவருக்கு வழி தெரியுமா என்று கேட்காமல் வண்டியை எடுக்கச் சொல்வதில்லை. நாங்கள்தாம் முந்நூறு பேரை அப்படி அனுப்பிவைக்கிறோம்.

எங்கள் சீமையிலேயே நடந்த ஒரு பெரும்போர் தகடூர்ப் போர். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதற்கு முன்கதை கொல்லிமலையில் இருக்கிறது. கொல்லிக்கு உரிய ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான்; அதியமான் நெடுமான் அஞ்சி வீழ்ந்தான். அந்த அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவையார் தூது போன பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். அங்கே வேல்களெல்லாம் மயிற்பீலி சூட்டி, மாலையிட்டு, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வதுபோல் இகழ்ந்து, இகழ்வதுபோல் புகழ்ந்த அந்தச் சாமர்த்தியத்தைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம்.

இந்தப் பாட்டின் கருத்தைச் சுபேதாரிடம் சொன்னேன். ரசித்துச் சிரித்தார். அப்புறம், "பட்டறையில எத்தனை, கையில எத்தனைங்க?" என்றார்.

இலக்கியம் தெரியாதவரின் கேள்வி என்று தள்ளிவிடலாம். என்னால் முடியவில்லை. தூதராகப் போனவர் பேச வேண்டியதை ஔவையார் பேசினார்; போரைத் தடுக்கப் பகைவனின் மனசில் பயத்தை ஊன்றினார். அதில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் ஓயாமல் போர் செய்கிறவனின் ஆயுதம் தேயும் என்ற உண்மையும் அதே பாட்டுக்குள் கிடக்கிறது. புலவர் பகைவனிடம் பெருமையாகச் சொன்னதை, அரசன் தன் அறையில் தனியாக உட்கார்ந்து கவலையாகக் கேட்டிருக்க வேண்டும். அதியமான் கேட்டானா இல்லையா என்று பாட்டுச் சொல்லவில்லை. பெருமையாகச் சொன்ன வரிக்குள் கவலைக்கும் இடம் இருப்பதால்தான் அது பெரிய கவிதை என்பது என் அபிப்பிராயம்.

தகடூர்ப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று தனியாகவே ஒரு நூல் இருந்தது. உரைநடையும் பாட்டும் கலந்தது. முழு நூல் கிடைக்கவில்லை. புறத்திரட்டு முதலியவற்றில் தங்கிய சில பாட்டுக்கள்தாம் மிச்சம். பாட்டு நின்றது, உரைநடை போயிற்று. நம் சரித்திரக் கதைகளுக்கும் இதுதான் நேர்ந்திருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகிறது. போரின் பாட்டு நம்மிடம் நிறைய இருக்கிறது. அதன் உரைநடையைத் தொலைத்துவிட்டோம்.

அந்த உரைநடை எப்படி இருக்கும் என்பதற்கு இதே சமவெளியில் பிற்காலத்து உதாரணம் ஒன்று உண்டு. 1768-ல் கும்பினியின் கர்னல் வுட் ஹைதர் அலியின் கோட்டைகளைப் பிடித்துக்கொண்டே வந்தார். சேலம், நாமக்கல், ஈரோடு என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. பிடித்த கோட்டை ஒவ்வொன்றிலும் சிறுசிறு காவல்படையை விட்டுவிட்டு மேலே போனார். சென்னையில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு கோட்டையும் ஒரு நல்ல விரிச்சியாகக் கேட்டிருக்கும். ஆனால் கோட்டை கூடக்கூட, கோட்டைக்கு இத்தனை பேர் என்ற கணக்கு குறைந்துகொண்டே போயிற்று. கும்பினியிடம் குதிரைப்படை மிகக் குறைவு. ஹைதரின் பலமே குதிரைப்படைதான். அந்த வருஷக் கடைசியில் ஹைதர் கீழே இறங்கினார். தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு எல்லாம் சில வாரங்களில் திரும்பப் போயின. மறு வருஷம் ஏப்ரலில், சென்னையின் வாசலிலேயே ஹைதரோடு கும்பினி உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டி வந்தது. மயிற்பீலி ஏற்றிய வண்டிதான்; அச்சு முறிந்துவிட்டது.

இவ்வளவு கணக்குப் பார்த்தால் கதையில் விறுவிறுப்பு எங்கே இருக்கும் என்று ஒரு பத்திரிகை நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. கல்கியின் சிவகாமியின் சபதம் இதற்குப் பதில் சொல்கிறது. மகேந்திர பல்லவர் வஜ்ரபாகு என்று மாறுவேஷம் போட்டுக்கொண்டு பகைவர் நடுவிலேயே திரிகிறார். காஞ்சிக் கோட்டையை முற்றுகைக்குத் தயார் செய்கிறார். வாதாபிப் படையெடுப்புக்கு நரசிம்மர் பல வருஷம் தயாராகிறார். அந்தத் தாமதம்தான் சிவகாமியின் துயரத்தை வளர்த்து நாவலின் உயிராகவே ஆகிவிடுகிறது. கல்கிக்குப் பின்னால் வந்த நாங்கள் அவரிடமிருந்து குதிரையையும் சபதத்தையும் எடுத்துக்கொண்டோம். வஜ்ரபாகுவையும் நெற்களஞ்சியத்தையும் அவரிடமே விட்டுவிட்டோம். அபாயம் இன்னதென்று வாசகனுக்குத் தெரிந்தால்தானே அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்? ஆழம் தெரியாத ஆற்றில் குதிரை இறங்கினால் அவன் பக்கத்தைத்தான் புரட்டுவான். நடு ஆற்றில் இரண்டு ஆள் மட்டம் என்று தெரிந்துகொண்டு இறங்குகிறான் என்றால் பக்கத்தைப் புரட்டக் கை நடுங்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. திட்டம் போட்டுவிட்டதாலேயே அபாயம் நீங்கிவிடாது. டால்ஸ்டாயின் போரும் அமைதியும் நாவலில், 1805-ல் ஆஸ்டர்லிட்ஸ் போருக்கு முன்னிரவில் ஒரு யோசனைக் கூட்டம். வைரோதர் என்ற தளபதி நீண்ட திட்டமொன்றை வாசித்துக்கொண்டே போகிறார். கிழவர் குதுஸோவ் தூங்கிவிடுகிறார். மறுநாள் படுதோல்வி. காகிதமும் ஒருவகை விரிச்சியாக மாறிவிடக் கூடியதுதான். "பாரத்துல எல்லாம் டிக் அடிச்சுட்டா ஆபத்துப் போயிட்டதா நெனைப்பாங்க. போய்ப் பாத்தாத்தான் தெரியுமுங்க" என்று சுபேதார் சொன்னதும் இதுதான்.

அவர் போய்ப் பார்த்தவர். 1971 டிசம்பரில் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி அகற்றிய சாப்பர்களில் அவரும் ஒருவர். டாங்கிகள் போக வெடிகளைக் களைந்து பாதை செய்வது வேலை. களைந்த பாதை தெரியும்படி இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவார்கள். வேலை பாதிதான் முடிந்திருந்தது. அக்கரையில் இருந்த நம் காலாட்படையை நோக்கி எதிரி டாங்கிகள் திரள்வதாகச் செய்தி வந்தது. பாதை முடியும்வரை காத்திருந்தால் அக்கரையில் இருப்பவர்கள் அழிந்துபோவார்கள். மீதி வெடிகள் இருப்பது தெரிந்தே பூனா ஹார்ஸ் ரெஜிமெண்டின் டாங்கிகள் அதன் வழியாகப் போயின. பரம்வீர் சக்கரம் பெற்ற இளைஞர் அருண் கேத்தர்பால் டிசம்பர் 16-ம் தேதி உயிர்விட்ட போர் அதுதான்.

"அது அவசரத்துல செஞ்சதில்லீங்களா?" என்று நான் கேட்டேன்.

"இல்லீங்க தம்பி. எவ்வளவு தூரம் சுத்தம், எங்கிருந்து சுத்தமில்லைன்னு தெரிஞ்சு போனாங்க. இந்தப் பக்கம் போகிற உசுரு எத்தனை, அந்தப் பக்கம் போகிற உசுரு எத்தனைன்னு பாத்துப் போனாங்க. உங்க ஆளு ஆத்துல எறங்கினது அப்படியில்லீங்களே."

நான் எழுதியது வீரமல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தெரிந்துகொண்டு ஏற்கிற அபாயத்துக்குத்தான் வீரம் என்று பெயர். தெரியாமல் விழுவதற்கு வேறு பெயர். இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும் கதை, வெறும் பொழுதுபோக்காக முடிந்துவிட்டால் கவலையில்லை. அப்படி முடிவதில்லை. சாய்வுநாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்துச் சிலிர்த்தவர்கள்தாம், யுத்தம் என்றதும் பத்திரிகையைப் பார்த்து, "ஏன் இன்னும் தயங்குகிறார்கள்?" என்று கேட்கிறவர்கள். நானும் கேட்டிருக்கிறேன். தயங்குகிறவன் ஒருவேளை ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எங்களுக்குத் தோன்றுவதேயில்லை. இறங்கப் போகிறவனோ சேந்தமங்கலத்திலோ ராசிபுரத்திலோ யார் வீட்டுப் பையனாகவோ இருப்பான்.

அந்தக் கதையைத் திருப்பி எழுதினேன். இப்போது கதாநாயகன் வாங்கல் கரையில் பத்து நாள் உட்கார்ந்திருக்கிறான். மோகனூர் ஓடக்காரர் ஒருவர் மூங்கிலை விட்டு ஆழம் பார்த்துச் சொல்லுகிறார். குதிரைகள் பாதிக்குமேல் அக்கரையிலேயே நின்றுவிடுகின்றன. தீப்பந்தம் கிடையாது. கோட்டையைப் பிடிக்க இரண்டாவது தடவைதான் முடிகிறது. முதல் தடவை வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள், திரும்பும் வழியை முன்னமே பார்த்து வைத்திருந்ததால். கதை கொஞ்சம் மெதுவாகப் போகிறது என்று பத்திரிகை நண்பர் குறைப்பட்டார். அச்சானதும் ஒரு பிரதியைச் சுபேதாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். மடித்து வைத்தார்.

"நல்லா இருக்குதுங்க. அந்த ஓடக்காரர் எந்தப் பக்கத்து ஆளுன்னு விசாரிச்சாங்களா?" என்று கேட்டார்.